விசாலாக்ஷி அம்மாளிடமே இரண்டாம் கட்டடத்தை ஒப்படைக்கக் கோரி

விடுநர்:
ஷரீஃபுன்னிசா, தோல் பை தைப்பவள்,
முதல் கட்டடம், இரண்டாம் மாடி,
உழைப்போர் குடியிருப்பு, செம்பூர், பம்பாய்.

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
உழைப்போர் குடியிருப்புக் கழகம், பம்பாய்.

பொருள்: இரண்டாம் கட்டடப் பணியிலிருந்து விலக்கப்பட்ட கட்டடக் கலைஞர் குமாரி விசாலாக்ஷி அவர்களை மீண்டும் அமர்த்துவது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் திருநெல்வேலி ஜில்லாவிலிருந்து கல்யாணமாகி வந்து, தாராவியில் குடிசையில் வாழ்ந்தவள். எட்டாவது வரை படித்திருப்பதால் இக்கட்டடத்துப் பெண்கள் எல்லோருக்காகவும் நானே எழுதுகிறேன்.

2. மூன்று வருடங்களுக்கு முன் விசாலாக்ஷி அம்மாள் எங்கள் சந்துக்கு வந்து, புது வீடு எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டார். "எங்க வீட்டு ஆளு வேலைக்குப் போயிருக்காவ, சாயந்திரம் வந்து கேளுங்க" என்றேன். அவர் போகவில்லை. "வீட்டுல நாள் பூரா இருக்கறது நீங்கதானே. உங்களைக் கேக்காம நான் எப்படிக் கோடு போடறது?" என்றார். அதுவரை எங்களிடம் யாரும் எதையும் கேட்டதில்லை ஐயா.

3. வாய் திறக்கக் கூசுகிறோம் என்று கண்டு, செம்பூர் மைதானத்தில் மூங்கிலும் சாக்கும் கொண்டு முழு அளவில் ஓர் அறை கட்டி, எங்களை அதில் சமைக்கச் சொன்னார். பொறியாளர் ஒருவர் "யே க்யா தமாஷா ஹை?", இதென்ன வேடிக்கை, என்று இந்தியில் கேட்டுச் சிரித்தார். அம்மாள் சிரிக்கவில்லை. புகை எங்கே தேங்குகிறது, முழங்கை எங்கே இடிக்கிறது, குழந்தை எப்போது கண்ணுக்கு மறைகிறது என்று பார்த்துப் பார்த்துச் சாக்கைக் கிழித்து மாற்றிக் கட்டினார். சுவரை இடிப்பதைவிட இது எளிது என்று அந்தப் பொறியாளருக்குப் பதில் சொன்னாராம்.

4. அதனால்தான் எங்கள் சமையலறை முன்பக்கம் இருக்கிறது. வராண்டா அகலமாக இருப்பதால் அங்கேயே உட்கார்ந்து வெளிச்சத்தில் பை தைக்கிறோம். ஒவ்வொரு மாடியிலும் பெண்களுக்குத் தனிக் கக்கூஸ், உள்தாழ்ப்பாள், விளக்கு. தாராவியில் நாங்கள் பொழுது சாயும்வரை அடக்கிக்கொண்டு காத்திருப்போம். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அம்மாள் இதைக் கமிட்டியில் ஆண்கள் நடுவே எழுந்து நின்று பேசினார் என்று அறிந்தபின், எழுதுவதற்கு நான் வெட்கப்படுவது சரியல்ல.

5. கல்லூரியில் அவர் வகுப்பில் வேறு பெண் இல்லை. முதலில் சேர்ந்த கம்பெனியில் பங்களாக்களுக்குத் திரைச்சீலை நிறம் பார்க்கும் வேலைதான் கொடுத்தார்களாம். வீடு கட்டவே படித்தேன் என்று அதை உதறிவிட்டுத் தங்கள் கழகத்துக்கு வந்தவர் அவர். மழையில் சாரத்தின் மேல் ஏறி, சேலையைச் செருகிக்கொண்டு கூரையைத் தட்டிப் பார்த்ததை நாங்களே கண்டோம்.

6. இப்போது இரண்டாம் கட்டடம் வேறொருவரிடம் போயிருக்கிறது. அம்மாளோ அலுவலகத்தில் பிறர் வரைபடங்களை நகல் எடுக்கிறார். குடும்பப் பெண்களைத் தூண்டிவிடுகிறார் என்று காண்டிராக்டர் புகார் செய்ததே காரணம் என்கிறார்கள். புதிய திட்டத்தில் வராண்டா ஓர் ஆள் நடக்கும் அகலம்தான். கக்கூஸ் எல்லாம் கீழே முற்றத்தின் கோடியில். என் தங்கை மர்யத்துக்கு அங்கேதான் வீடு ஒதுக்கியிருக்கிறது. அவளுக்கு வயது வந்த பெண்கள் இருவர்.

7. அம்மாளைப் பார்க்க மாட்டுங்காவில் அவர் வீட்டுக்குப் போனோம். காப்பி கொடுத்தார். அழுவார் என்று நினைத்தோம், அழவில்லை. "எனக்காக எழுதாதீங்கோ. வராண்டாவுக்காக எழுதுங்கோ, கக்கூசுக்காக எழுதுங்கோ" என்றார். மற்றெல்லாவற்றிலும் அவர் சொல் கேட்போம். இதில் கேட்பதாக இல்லை. அவரையும் அவர் போட்ட திட்டத்தையும் சேர்த்தே கேட்கிறோம்.

8. தூண்டிவிட்டார் என்பது பொய். கேட்டார், அவ்வளவுதான். ஆகவே கழகம் அவரை மீண்டும் பொறுப்பில் அமர்த்தி, அஸ்திவாரம் தோண்டுமுன் அவர் திட்டத்தையே நிறைவேற்ற உத்தரவிடும்படி பணிந்து வேண்டுகிறோம். அவருக்காகவும் சேர்த்து இம்மனு எழுதுவது அம்மாளுக்குத் தெரியாது. இதற்காக அவரை விசாரிக்க வேண்டாம். விசாரிக்க வேண்டியது எங்களைத்தான். தாங்கள் எந்த நேரம் வந்தாலும் வீட்டில் இருப்போம். உட்கார இடம் இருக்கிறது.

இடம்: செம்பூர்
நாள்: 14-11-1966

இங்ஙனம்,
ஷரீஃபுன்னிசா
(முதல் கட்டடத்துப் பெண்களின் கையெழுத்துகளும் கைநாட்டுகளும் பின்பக்கம்)