நாய்க்கு நாலு பக்கம், ஆயாவுக்கு அரை வரி

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், உன் அப்பாவின் முழங்காலைத் தவிர. அதன் நிலவரத்தை அவரே தினமும் தெரு முழுக்க அறிவித்துவிடுகிறார். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் கேட்டால் ‘ம்’ என்பாய், அதனால் எழுதிக் கேட்கிறேன்.

எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. டெலிபோன் ஆபீசில் முப்பது வருஷம் ‘லைனில் இருங்கள்’ என்று சொன்ன குரல் வீணாகக் கூடாதல்லவா, கீழ்வீட்டு வாத்தியாருக்குக் காலையில் ஒரு மணி நேரம் புத்தகம் வாசிக்கிறேன். உன் ஒன்பதாம் வகுப்பு வாத்தியாரேதான். பார்வை போய்விட்டது, அதிகாரம் போகவில்லை. முதலில் அவர் ஆசையாகக் கேட்டது உங்களுக்குப் பாடமாக வைத்த அதே நாவல், ஒரு பையன் வளர்ந்து பெரிய மனிதனாகிற கதை. உலகமே கொண்டாடுகிற புத்தகம் என்றதும் நானும் தலை வாரிப் பவுடர் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

என்னத்தைச் சொல்ல, மகா உன்னதம். அந்தப் பையனைத் தூக்கி வளர்த்த கறுப்பின ஆயா வாயைத் திறப்பதே மற்றவர்கள் சிரிப்பதற்குத்தான். எழுதியவர் பெருந்தன்மையாக இரண்டே இடத்தில்தான் அவளைக் குரங்கு என்கிறார். பக்கத்து வீட்டுப் பெண் பத்தாம் அத்தியாயம் வரை அவனைவிடக் கெட்டிக்காரி, அவனுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறாள், ஆற்றில் மூழ்கப் போனவனை இழுத்துக் கரையில் போடுகிறாள். பதினொன்றில் ‘அடக்கம் பழகினாள்’ என்று மெச்சிக் கையில் ஊசி நூலைக் கொடுத்துவிட்டார்கள். அவள் வளர்ந்தது போதுமாம், அவன் வளர இன்னும் இருநூறு பக்கம் வேண்டுமாம்.

நேற்று அந்த ஆயா செத்துப்போனாள். பையனின் நாய் செத்தபோது நாலு பக்கம் அழுகை, நான் வாசிக்க வாசிக்க வாத்தியாரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆயாவுக்கு அரை வரி, அதுவும் குதிரையை விற்ற செய்தியோடு சேர்த்து. நான் நிறுத்திவிட்டேன். “மேல போங்க” என்றார். “போக மாட்டேங்க, நாய்க்கு நாலு பக்கம் இருக்கே, இவளுக்கு ஏன் இல்ல?” என்றேன். “அந்தக் காலம் அப்படிம்மா” என்றார். “அந்தக் காலத்துலயும் நாய்க்காக அழத் தெரிஞ்சிருக்கே” என்றேன். சமையலறையிலிருந்து அவர் மனைவி வந்து, “நான் ஒருநாள் இதைக் கையில எடுத்தேன், உனக்குப் புரியாதுன்னு பிடுங்கி வெச்சுட்டார், நீங்க வாசிங்க, என்னதான் இருக்குன்னு நானும் கேட்கிறேன்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். வாத்தியார், “உங்க பொண்ணும் இதையேதான் கேட்டா. எனக்குப் பதில் தெரியல. அதான் வெளிய நிக்க வெச்சேன்” என்றார்.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் எனக்குத் தெரியவந்தது அதில்லையே. நிறம் பொருந்துகிறது என்று ஆயாவின் பேச்சை உன்னை வாசிக்கச் சொன்னார், வகுப்பே சிரித்தது, நீ மாட்டேன் என்றாய், என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். உன் அம்மா எப்பேர்ப்பட்ட வீராங்கனை! உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. “ஏற்கெனவே நிறம் கம்மி, வாயும் நீளம்னா எவன் கட்டிப்பான்” என்று வீடு வரும்வரை திட்டிக்கொண்டே வந்தேன். நீ பஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அந்த நாவல்காரர் யாரோ ஒருத்தியைச் சொன்னார், நான் பெற்ற பெண்ணைச் சொன்னேன். இதைக் கிண்டல் பண்ண எனக்கு வாய் வரவில்லை. தப்பு என்னுடையதுதான் கண்ணு, மன்னித்துக்கொள்.

பல் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதே. உடம்புக்கு ஒன்றும் வராமல், மனசுக்குக் குறையில்லாமல், நூறு வருஷம் நன்றாக இரு. இன்னொன்று, வாத்தியார் உன்னிடம் பேச வேண்டும் என்று போன் நம்பர் கேட்டார். நான் கொடுக்கவில்லை. கொடுக்கட்டுமா, வேண்டாமா? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா