பங்கஜத்திடம் கேட்க வேண்டிய கேள்வி

ராஜா அண்ணாமலைபுரம்
9-7-1973

நர்ஸ் தேசம்மாவுக்கு,

டாக்டர் ஸ்ரீரங்கன் உன்னைச் சனிக்கிழமைதோறும் என் மருமகள் பங்கஜத்தைப் பார்க்க அனுப்புகிறார். நன்றி. வந்தால் நாடி பார், மாத்திரையைக் கொடு, கிளம்பு. கதவைச் சாத்திக்கொண்டு என்ன பேச்சு? நேற்று முன்தினம் “சாகத் தோன்றுகிறதா?” என்று நீ கேட்டது என் காதில் விழுந்தது. கான்வென்டில் நாங்கள் விளையாட்டுக்குக்கூட உச்சரிக்காத சொல் அது.

வேலைக்காரி கெங்கம்மா, “இன்னாம்மா, நர்ஸம்மா வாரா வாரம் வந்துகினு கீது, சின்னம்மாவுக்கு இன்னா?” என்கிறாள். நாளை தெருவே கேட்கும்.

பிறந்த குழந்தை தங்கவில்லை என்பது வருத்தம்தான். நானும் இரண்டைப் பறிகொடுத்தவள். படுத்துக்கொள்ளவில்லை.

இப்படிக்கு,
திருமதி சண்முகவடிவு மாணிக்கவாசகம்

மந்தைவெளி
11-7-1973

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நாடியில் தெரிகிற நோயென்றால் நாடி பார்த்துவிட்டே போயிருப்பேன். டாக்டருக்கு மருந்துச் சீட்டு எழுதத்தான் நேரம் இருக்கிறது. உட்கார்ந்து பேசுவது என் வேலை. நான் கேட்பதால் அந்த எண்ணம் வராது. இருந்தால் வெளியே வரும். உங்கள் மருமகள் சொன்ன பதிலை அன்றே உங்களிடம் சொன்னேன். “அவளுக்குப் பேசத் தெரியாது” என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டீர்கள். காபி நன்றாக இருந்தது.

மாத்திரைகள் பூட்டிய பீரோவிலேயே இருக்கட்டும். வேளைக்கு ஒன்று, உங்கள் கையால் கொடுங்கள். சாவி உங்கள் இடுப்பை விட்டு இறங்கக் கூடாது.

பணிவுடன்,
தேசம்மா

ராஜா அண்ணாமலைபுரம்
20-7-1973

தேசம்மாவுக்கு,

நாளை முதல் நீ வர வேண்டாம். கோபத்தில் எழுதவில்லை, சந்தோஷத்தில் எழுதுகிறேன்.

இன்று முதல் ஆடி வெள்ளி. விளக்கேற்றியதும் சாவிக்கொத்தை எடுத்துப் பங்கஜத்தின் இடுப்பில் செருகினேன். எங்கள் வீட்டில் மருமகளுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. என் மாமியார் சாகும்வரை எனக்குத் தரவில்லை. பொறுப்பு வந்தால் துக்கம் போகும் என்று சொன்னேன், போயிற்று. சித்திரையில் குழந்தை போனதிலிருந்து எங்களிடம் வாய் திறக்காதவள் சிரித்தாள். தலைக்குக் குளித்தாள். பீரோவை அடுக்கினாள். தொட்டில் துணிகளையும் தன் கூறைப் புடவையையும் கெங்கம்மாவிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாள். “சின்னம்மா, இது கண்ணாலப் பொடவையாச்சே!” என்று அவள் பதறினாள். “எனக்கு இனிமே எதுக்கு?” என்று இவள் சிரித்தாள். கடையிலிருந்து வந்த என் மகன் அசந்துபோனான்.

மாத்திரைகளும் இனி அவள் பொறுப்பு.

திருமதி சண்முகவடிவு மாணிக்கவாசகம்

மந்தைவெளி
21-7-1973, காலை

அம்மா,

ரிக்‌ஷாக்கார ரங்கனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். இங்கே கிளினிக்கில் ஒருவர் மூச்சுத் திணறலில் கிடக்கிறார். டாக்டர் வந்ததும் ஓடி வருகிறேன்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பயமாக இருக்கிறது. முடிவு செய்துவிட்டவர்கள் அப்படிச் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். மாத்திரைகளை உடனே வாங்கிவிடுங்கள். அதட்டாதீர்கள். தனியே விடாதீர்கள். நான் கேட்டதை நீங்களே கேளுங்கள், சுற்றி வளைக்காமல், அதே சொல்லால்.

தேசம்மா

21-7-1973

தேசம்மா,

ரங்கன் வாசலில் காத்திருக்கிறான். மாத்திரைகள் பீரோவில் இல்லை. அவள் மடியில் இருந்தன. வாங்கிவிட்டேன். மறுக்காமல் கொடுத்தாள்.

எதிரே உட்கார்ந்து கேட்டேன். அந்தச் சொல்லைச் சொல்லியே கேட்டேன். சோறு சாப்பிட்டாயா என்று கேட்டால் சொல்வதுபோல, “ஆமா அத்தை” என்றாள்.

பக்கத்திலேயே இருக்கிறேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அடுத்து நான் என்ன சொல்ல வேண்டும் என்று நீ எழுதவில்லை.

சண்முகவடிவு