விட்டுக்கொடுத்த மூன்றடி

என் பிரியமான அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. அம்மா நன்றாக இருக்கிறார். முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. தெருவுக்குக் கேபிள் வந்த பிறகு, வெளிநாட்டு கோல்ஃப் காட்டுகிற சேனலை அவரே கண்டுபிடித்துவிட்டார். உங்களோடு வாழ்ந்த காலத்தில் ஒரு நாளும் மைதானத்துப் பக்கம் வராதவர், "வேகாத வெயில்ல ஒரு பந்தத் தேடறதுக்கு நாலு பேருங்களா" என்று உங்களைக் கேலி செய்தவர், இப்போது மத்தியானம் சாப்பிட்ட கையோடு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். போன வாரம் யாரோ ஒரு வெள்ளைக்கார ஆட்டக்காரர் பந்தின் மேல் குனிந்து நின்றபோது, "இவனும் உங்கப்பாவாட்டவே தோள எறக்கறான் பாரு" என்றார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

இன்னொரு செய்தி. கிளப்பில் உங்கள் பெயரில் ஒரு கோப்பை ஏற்படுத்துகிறார்கள். அடுத்த மாதம் முதல் போட்டி. அதற்காக அச்சடிக்கும் மலரில் நான் ஒரு பக்கம் எழுத வேண்டுமாம். துரைசாமி மாமாவே வீடு தேடி வந்து கேட்டார். சோமனூரில் தறிப்பட்டறை வைத்துக்கொண்டு, ஞாயிறு தவறாமல் உங்களோடு ஆடிய அதே மாமா. இப்போது கிளப்பின் செயலாளர். "அப்பா ஜெயிச்சதெல்லாம் எழுதீருங்க அம்மணி. இப்ப ஆடறவங்களுக்குத் தெரியோணும்" என்றார். ஊர் அறிய எழுதும் வழக்கம் எனக்கு இல்லை என்று உங்களுக்குத் தெரியும். படிப்பதோடு சரி. ஆனாலும் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

ஜெயித்ததுதான் ஊருக்கே தெரியுமே, அப்பா. கிணத்துக்கடவுத் தோப்பில் தென்னை ஓலை ஆடுவதைப் பார்த்து வளர்ந்ததால், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்போது திரும்பும் என்று மற்ற எல்லோருக்கும் முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். மெட்ராஸ், பெங்களூர், கல்கத்தா என்று எங்கே போட்டி நடந்தாலும், மூன்றாம் நாள் முடிவதற்குள் மற்றவர்கள் இரண்டாம் இடத்துக்கு ஆடத் தொடங்கிவிடுவார்கள் என்று பேசிக்கொள்வார்கள். நம் ஊர் ஓபன் போட்டியை ஐந்து தடவை வென்றீர்கள். சேம்பியன் என்பதே உங்கள் பெயராகிவிட்டது. ரங்கசாமி என்று கூப்பிட்டால் நீங்களே திரும்பிப் பார்க்க மாட்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களில் உங்கள் கார்டை எழுதுவது என் வேலை. எட்டு வயதில் ஆரம்பித்தது. படிப்பு முடிந்து கல்லூரி நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் நான் அதை விடவில்லை. எத்தனை முறை அடித்துப் பந்து குழிக்குள் விழுந்தது என்பதை அந்தந்தக் குழியின் ஓரத்திலேயே எழுதிவிட வேண்டும் என்பது உங்கள் சட்டம். ஒரு தடவை அடுத்த இடத்துக்கு நடந்துகொண்டே எழுதினேன். தோளைத் தொட்டு நிறுத்தினீர்கள். "நின்னு எழுதோணும் கண்ணு. நடந்துட்டே எழுதுனா நல்ல நம்பராத்தான் வந்து உழுகும்."

பிறகு அந்தக் கை.

தொண்ணூறுகள் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். முதலில் பார்த்தது நான்தான் என்று நினைக்கிறேன். தூரத்திலிருந்து ஓங்கி அடிக்கும்போது கை பழைய கைதான். குழிக்கு மூன்றடியில் பந்து வந்து நின்றுவிட்டால், யார் வேண்டுமானாலும் தட்டிவிடக்கூடிய அந்தத் தூரத்தில், உங்கள் வலது மணிக்கட்டு ஒரு துள்ளுத் துள்ளும். பந்து குழியின் விளிம்பைத் தொட்டுவிட்டு அந்தப் பக்கம் ஓடிவிடும். நரம்பு டாக்டர் நோய் ஒன்றும் இல்லை என்றார். அம்மா காரமடைப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு கையில் கயிறு கட்டிவிட்டார். நீங்கள் மட்டையை மாற்றினீர்கள், பிடியை மாற்றினீர்கள், ஒரு மாதம் இடது கையால் தட்டிப் பார்த்தீர்கள். சோறு பிசையும்போது கையை நிறுத்தி நிறுத்தி நீங்கள் உற்றுப் பார்ப்பதை, நான் பார்க்காத மாதிரியே இருந்தேன்.

வெளியூர்ப் போட்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. பேப்பரில் உங்கள் பெயர் கீழே கீழே போய், அச்சாகும் பட்டியலுக்கே வராமல் போயிற்று. ஒரு ஞாயிறு, கிளப்பில் இரண்டடியிலிருந்து நீங்கள் தவறவிட்டபோது, பின்னால் காத்திருந்த கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நீங்கள் திரும்பவில்லை. உங்கள் பின்கழுத்து சிவந்ததை மட்டும் நான் பார்த்தேன்.

அன்றைக்குத்தான் அதைச் செய்தேன், அப்பா. நீங்கள் கை கால் கழுவப் போயிருந்தபோது துரைசாமி மாமாவிடம் போனேன். "மாமா, அப்பாவுக்குக் கிட்டத்துப் பந்தெல்லாம் விட்டுக் குடுத்துருங்க. நாஞ் சொன்னன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றேன்.

இந்த ஆட்டம் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்லிவிடுகிறேன். நண்பர்களுக்குள் ஆடும்போது எதிராளியின் பந்து குழிக்கு மிகப் பக்கத்தில் வந்துவிட்டால், எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லலாம். அவர் அதைத் தட்ட வேண்டாம். ஒரே தட்டில் போட்டதாக வைத்துக்கொள்வார்கள். அது ஒரு மரியாதை, அவ்வளவுதான்.

ஆனால் நம் ஊரில் மரியாதையைத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்று யாருக்குத் தெரியும்? இலையை மறைத்துக்கொண்டு போதும் என்றாலும் விரல் இடுக்கு வழியே இன்னொரு கரண்டி ஊற்றுகிற ஊர். முதல் வாரம் ஓரடிக்கு விட்டுக்கொடுத்தார்கள். அடுத்த மாதம் மூன்றடி. மழைக்காலம் வருவதற்குள், ஐந்தடியில் கிடந்த பந்துக்கும் "அட எடுத்துக்குங்க சேம்பியன், நீங்க போடாததுங்களா" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஒரு தடவை மாமா அவசரப்பட்டு, பந்து நிற்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

"ஏனுங்க மாப்ளே, பந்து இன்னும் ஓடிட்டிருக்குதுங்க" என்றீர்கள்.

"ஓடட்டுமுங்க. எங்க போயிரப்போகுது."

நீங்கள் சிரித்துவிட்டீர்கள். அந்தச் சிரிப்புக்காகத்தானே நான் கேட்டது. வீட்டில் மறுபடி காப்பி டம்ளரோடு உட்கார்ந்து காற்றைப் பற்றிப் பேசினீர்கள். நான் ஒவ்வொரு குழியின் ஓரத்திலும் நின்று நான்கு, மூன்று, நான்கு என்று எழுதினேன். நின்றுதான் எழுதினேன். நின்று எழுதினாலும் பொய் எழுத முடியும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

ஒரு நாள் சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்தபோது, அந்தக் கார்டுகளையெல்லாம் சாப்பாட்டு மேஜைமேல் பரப்பி வைத்திருந்தீர்கள். என் கையெழுத்து, வரிசை வரிசையாக. "கை வந்துருச்சு அம்மணி. நீயே பாரு. ஓபனுக்குப் பேர் குடுத்துப்போட்டேன்" என்றீர்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? ஒரு வருஷமாகக் கிட்டத்துப் பந்து ஒன்றைக்கூடத் தட்டவில்லை என்பது உங்களுக்கே தெரியாமல் இருந்திருக்குமா? இல்லை, நம்பத்தான் வேண்டும் என்று இருந்ததா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஓபனில் யாரும் யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்க முடியாது. எந்தப் பந்தும் குழிக்குள் விழுந்தே ஆக வேண்டும். முதல் நாள், முதல் குழி. உங்கள் இரண்டாவது அடிக்கு மைதானமே கை தட்டியது. காற்றோடு ஒதுங்கி வந்த பந்து, குழிக்கு மூன்றடியில் நின்றது. நீங்கள் குனிந்தீர்கள். முதல் தட்டில் பந்து விளிம்பைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடியது. அங்கிருந்து தட்டியது இந்தப் பக்கம் ஓடியது. மூன்றாவது தட்டின்போது கூட்டத்தில் பேச்சு நின்றுவிட்டது. நான்காவது தட்டின்போது பலர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது தட்டில் விழுந்தது.

போட்டியில் கூட ஆடுபவர்தான் கார்டு எழுத வேண்டும். கூட ஆடியவர் உங்களைப் பார்த்துப் பார்த்தே இந்த ஆட்டத்துக்கு வந்த இளைஞர். அவருக்கும் நம் ஊர்தானே. உங்கள் முகத்தைப் பார்க்காமல், நடக்கத் தொடங்கிக்கொண்டே கேட்டார்: "ஆறுங்களாண்ணா?"

"ஏழுங்க தம்பி" என்றீர்கள். "நின்னு எழுதுங்க."

பார்வையாளர்களுக்குக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த எனக்கு அது தெளிவாகக் கேட்டது. அதன் பிறகும் பதினேழு குழிகள் ஆடினீர்கள். பாதியில் யாரும் குறை சொல்லாதபடி விலகியிருக்கலாம். முதுகு வலி என்று ஒரு வார்த்தை போதும். நீங்கள் மறுநாளும் வந்தீர்கள். பட்டியலின் கடைசிப் பெயராக முடித்தீர்கள். உங்கள் கையால் கார்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் ஷூவைக் கழற்றினீர்கள்.

அடுத்த ஞாயிறு நான் வழக்கம்போல் பென்சிலோடு கிளம்பி நின்றேன். "நீ ஊட்ல இரு கண்ணு. படிக்கறதப் படி" என்றீர்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான்கு வருஷம் இருந்தீர்கள். ஒரு ஞாயிறுகூட என்னைக் கூட்டிப்போகவில்லை. கிளப்புக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஓங்கி அடிக்கச் சொல்லிக்கொடுத்தீர்கள். குழிக்குப் பக்கத்து ஆட்டத்துக்கு மட்டும் வேறொருவரிடம் அனுப்பிவிடுவீர்களாம். தினமும் சாயங்காலம் பயிற்சித் திடலில் தனியாக, மூன்றடியிலிருந்து தட்டிக்கொண்டிருப்பீர்கள் என்று மாமா சொல்லித்தான் தெரியும். ஒரு நாள், நானும் வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தீர்கள். தெரிந்துவிட்டதோ என்று ஒவ்வொரு நாளும் உங்கள் முகத்தைப் பார்ப்பேன். நீங்கள் தயிர்ச் சாதத்துக்கு ஊறுகாய் கேட்பீர்கள். பிறகு ஒரு காலை, ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை. நான் சொல்ல வேண்டியது என்னிடமே நின்றுபோயிற்று.

போன வாரம், மலருக்கு ஒரு வரிகூட எழுதாத தாளை எடுத்துக்கொண்டு மாமாவைப் பார்க்கப் போனேன். அப்பாவுக்குத் தெரியுங்களா என்று கேட்டேன். எது என்று அவர் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஓபன் முடிஞ்ச அன்னிக்கே கேட்டுப்போட்டாருங்க அம்மணி. யார் சொல்லி இப்பிடி விட்டுக் குடுத்தீங்கன்னு. எனக்கு அவருகிட்டப் பொய் சொல்ல வர்லீங்க."

"அப்பா என்ன சொன்னாருங்க?"

"'நாங் குனிஞ்சா அவ மூச்சப் புடிச்சுக்கறா மாப்ளே. அது எனக்குக் கேக்குது. இனி அவளக் கூட்டியாரல'ன்னாருங்க."

எழுந்துவிட்டேன். மாமா வாசல் வரை கூடவே வந்தார்.

"இன்னொண்ணுஞ் சொன்னாருங்க. 'அவகிட்ட இதக் கேக்காதீங்க, எனக்குத் தெரியும்னும் சொல்லிப்போடாதீங்க. சின்னப் புள்ள. கிட்டத்துப் பந்துதான், எடுத்துக்கட்டும்'னு."

பேருந்தில் வரும்போது அழுகை வரவில்லை. வீட்டுக்கு வந்து உங்கள் ஷூவைத் துடைத்து வைக்கும்போது வந்தது. நான்கு வருஷம், ஒரே மேஜையில், ஒவ்வொரு வேளையும் எனக்கு விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். உங்களுக்கு நான் வாங்கித் தந்த சலுகை உங்கள் கடைசி ஓபனைக் கெடுத்தது. நீங்கள் எனக்குத் தந்த சலுகையால் நான் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்காமலே போனேன். இரண்டும் அன்புதான் என்று மாமா சொல்கிறார். அப்படித்தான் இருக்கும். ஆனாலும் எனக்கு அது போதவில்லை, அப்பா.

அதனால் மலருக்கான இந்தப் பக்கத்தில் இதை எழுதுகிறேன். ஓபனுக்கு முந்தைய ஒரு வருஷத்தில் நான் எழுதிய கார்டுகள் ஒன்றும் உங்கள் ஆட்டம் இல்லை. விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டவள் நான். மாமாவையோ கிளப்பில் வேறு யாரையோ சொல்லிக் குற்றமில்லை, கேட்டதைக் கொடுத்தார்கள். மேஜைமேல் நீங்கள் பரப்பியபோது வாயைத் திறக்காமல் நின்றவளும் நான்தான். அந்த இளைஞர் ஆறு என்றபோது நீங்கள் ஒத்துக்கொண்டிருந்தால், நானும் இதைச் சொல்லாமலே இருந்திருப்பேனோ என்னவோ.

அடுத்த மாதம் போட்டி தொடங்கும் அன்று முதல் பந்தை நான் தட்ட வேண்டுமாம். ஒரு சடங்குக்குத்தான், குழிக்கு மூன்றடியில் வைத்துத் தருவார்களாம். மட்டை பிடித்தே எனக்குப் பழக்கமில்லை, தவறத்தான் போகிறது. அப்போது கட்டாயம் யாராவது "எடுத்துக்குங்க அம்மணி" என்பார்கள். நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். விழுகிற வரை தட்டுவேன். எத்தனை ஆனாலும் அதை வாய்விட்டுச் சொல்லி, மாமாவை அந்த இடத்திலேயே நிற்க வைத்து எழுதச் சொல்வேன்.

மூச்சை மட்டும் பிடித்துக்கொள்ள மாட்டேன். உங்களுக்குக் கேட்டுவிடும்.

நின்று எழுதும்,
உங்கள் மகள்
கோகிலா