பாவில் விழுந்த பொறி

12 பிப்ரவரி, வியாழன், இரவு 9.40. அறுந்த பட்டு இழைகள் நாற்பத்து மூன்று.

பட்டறைக்கு இரும்பு வெட்டும் மெஷின் வாங்கும்போது பார்ட்னர் சலீம் பட்டை ரம்பம் ஓடும் பேண்ட் சா மெஷின்தான் கேட்டான். மெதுவாக அறுக்கும், ஆனால் பொறி பறக்காது, வெட்டும் சுத்தமாக இருக்கும். டிப்ளமோ படித்த திமிரில் நான் கேட்கவில்லை. வேகம்தான் முக்கியம் என்று கல் சக்கரம் வைத்த கட்டிங் மெஷினை வாங்கினேன்.

இன்று காலை எதிர்வீட்டு சரளா அக்கா தறியில் ஏற்றுவதற்கான பட்டுப் பாவு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருந்தார்.

"தம்பி, அரை மணி நேரம் பொறுத்துக்கோப்பா. பாவ சுத்தி எடுத்துகினு போயிடறோம்."

"ரெண்டே கட்டிங்தாங்க்கா. ஜல்தியா முடிச்சிடறேன்."

இரண்டாவது வெட்டில் பொறி வாசலைத் தாண்டிப் பாவில் விழுந்தது. இழைகள் கருகி அறுந்தன. அக்காவின் கணவர் ஓடி வந்தார். அவர் கேட்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்: "வெயில் ஏறி பட்டறை ஓட ஆரம்பிச்சப்புறம் பாவு போட்டா இப்டிதாங்க ஆகும்."

அவர் அக்கா பக்கம் திரும்பினார். "விடியறதுக்குள்ள போடுன்னு சொன்னனா இல்லியா? எல்லாத்தயும் பேஜார் பண்ணிட்ட."

என்னைப் பொறுக்கச் சொன்னதை அக்கா அவரிடம் சொல்லவே இல்லை. நானும் சொல்லவில்லை. அக்கா சாயங்காலம் வரை குனிந்தபடி ஒவ்வோர் இழையாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

1. சலீமிடம் பேண்ட் சாவுக்கு ஆர்டர் கொடுக்கச் சொல்வது.
2. அது வரும்வரை, தெருவில் பாவு இருந்தால் கையால் ஹாக்சா போட்டு அறுப்பது.
3. அக்கா என்னைத் தடுத்ததை அவர் கணவரிடம் சொல்வது. வீட்டுக்குள் போய் அல்ல, தெருவில் எல்லோரும் இருக்கும்போதே.