சூளைக்குள் கூவிய ஆறுமணிக் குருவி

நண்பா,

சற்றுமுன் என் வீட்டுப் பின்புற வேலிப்புதரிலிருந்து ஆறுமணிக் குருவி இருமுறை கூவியது. நீ கண்மூடிய பின் வரும் முதல் ஐப்பசி இது. மழையோடு வடக்கிலிருந்து வரும் அந்தப் பயணி, நீ இல்லாத விருத்தாசலத்துக்கும் தவறாமல் வந்துவிட்டது. நான் எழுதுகோலை எடுத்துவிட்டேன்.

முன்பொரு ஐப்பசி மாலை, உன் பீங்கான் பட்டறையில் பொம்மைச் சூளை நிறைந்திருந்தது. வாயிலைச் செங்கல்லால் அடைத்து, ஈரக் களிமண் பூசி, சூடமும் காட்டியாயிற்று. நீ தீ மூட்டக் குனிந்தாய். உள்ளிருந்து ஆறுமணிக் குருவியின் கூவல் எழுந்தது. ஆட்கள் தேநீர் குடிக்கச் சென்ற நேரத்தில், பாதி அடைத்த வாயில் வழியே மழைக்கு ஒதுங்கியிருக்கிறது. காட்டுப் புதரடியில் சருகு புரட்டிப் பூச்சி தின்னும் பறவைக்கு இருட்டு அச்சமா என்ன?

"சூடம் காட்டிட்டா பிரிக்கக் கூடாதுங்க," என்றார் சூளை அடுக்குபவர்.

"சாமிக்குத்தான்யா சூடம் காட்டுனோம். குருவிக்குக் கொள்ளி வெக்கிறோம்னா வேண்டிக்கிட்டோம்?"

கேட்டுக்கொண்டே நீயே பூச்சை வழித்தாய், செங்கற்களை உருவினாய். பறவை வரவில்லை. ஊர் ஊராகக் கட்சிக் கூட்டம் பேசும் நான் முன்னே சென்றேன். "அஞ்சற்க, சிறகுடைய தோழனே! வெளியே வருக!" என்று மேடைக்குரலில் முழங்கினேன். சிறகடிப்பு இன்னும் உள்ளே போயிற்று. ஒரு பொம்மை உருண்டு உடைந்தது.

"யோவ், இது என்ன பஸ்ஸ்டாண்டு கூட்டமா? அதுக்கு ஓட்டு கெடையாதுய்யா!" என்று களிமண் வழியும் உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினாய்.

ஆட்கள் சிரிப்பை விழுங்கினார்கள். பிறகு எவரும் அசையவில்லை. தகரக் கூரையில் மழை மட்டும். நெடுநேரம் கழித்து ஓர் அலகு தெரிந்தது. பின் கண்ணில் கறுப்புப் பட்டை, பச்சை முதுகு, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. தத்தித் தத்தி வெளியே வந்தது. உன் காலடியில் ஊர்ந்த ஈசலொன்றைக் கொத்தி விழுங்கிவிட்டு, மூங்கில் புதருக்குள் பறந்தது.

"பாருய்யா, சாப்ட்டுட்டுத்தான் போவுது," என்றாய், என் வாயிலிருந்து கையை எடுக்காமலே.

மீண்டும் செங்கல், மீண்டும் களிமண், மீண்டும் சூடம். பொம்மைகள் நன்றாகவே வெந்தன.

எத்தனையோ ஊர்கள் என் கழுத்தில் மாலையிட்டன. என் வாயைப் பொத்திய கை உன்னுடையது ஒன்றுதான். பறவை போன பின்னும் அதை எடுக்க உனக்கு நினைவில்லை. எடுக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. அந்தக் களிமண்ணின் சுவை இன்னும் என் உதட்டில் இருக்கிறது.