நீ முடிந்து வைத்த ராணித்தலைக் காசு

ஆசை அக்காவுக்கு,

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. தோட்டத்தில் காய்ச்சல் தணிந்துவிட்டது. காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு மறுபடி ஆள் கூடுகிறது. உன் ரப்பர் மரங்களில் இப்போது பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் முத்தம்மாதான் பால் வெட்டுகிறாள். "ஒங்க அக்கா வெட்டுன மரத்துல ஒரு காயம் இல்லீங்க" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறாள்.

நாலு பேருக்குத் தெரியட்டும் என்றே இதை எழுதுகிறேன். நான் உன் காசைத் திருடினேன், அக்கா.

என் காசுப் பைத்தியம் உனக்குத் தெரியாததா? கணக்கப்பிள்ளை வேலை கிடைத்ததிலிருந்து, ருவான்வெல்லைக் கடையில் வாங்கிய சில்லறையை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பேன். சதுர ஐந்து சதம், செப்பு அரைச்சதம் என்று ஒரு சுருட்டுப் பெட்டி நிறைந்தது. "உப்பு வாங்கக் குடுத்தா காசுக்கு மூஞ்சி பாத்துக்கிட்டு நிக்கிறான். பொண்ணுக்கு இப்புடிப் பாத்திருந்தா இந்நேரம் கல்யாணம் முடிஞ்சிருக்கும்" என்பாய்.

ஆனாலும் நான் சொல்வதையெல்லாம் கேட்பாய். சீமையில் நடந்த பெரிய சண்டைக்கு முந்திய ஐம்பது சதத்தில் பத்துக்கு எட்டுப் பங்கு வெள்ளி. பிறகு வந்ததில் பாதிக்குச் சற்றே கூட. காசில் உள்ள தலையின் முடியிழை தெரிந்தால் முதல் தரம். தேய்ந்து மொட்டையானால் வெறும் வெள்ளி விலை. "அப்ப மனுசன் மாதிரிதான்னு சொல்லு" என்று சிரித்தாய்.

மார்கழியில் நான் காய்ச்சலில் கிடந்தேன். அம்மா வைத்துப்போன ராணித்தலை ஐம்பது சதத்தை நீ மஞ்சளில் கழுவித் துணியில் முடிந்தாய். "கதிர்காமத்தானே, என் தம்பி எந்திரிச்சா ஆடியில கால்நடையா வந்து போடுறேன்" என்றாய். அதுவரை எனக்குக் காட்டாத காசு. அந்த மயக்கத்திலும் ராணியின் கூந்தல் இழை என் கண்ணில் பட்டுவிட்டது.

எழுந்தவன் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? நீ பால் வெட்டப் போன நேரம் பார்த்து முடிச்சை அவிழ்த்தேன். சண்டைக்குப் பிந்திய ராஜாத்தலைக் காசு ஒன்றை உள்ளே வைத்துக் கட்டினேன். அதுவும் ஐம்பது சதம்தானே, சாமி என்ன தராசிலா போடப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

உன் காசைக் கொழும்பில் ஒரு வியாபாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பார்த்துத் தரம் சொல்லக் கூலி ஒன்றரை ரூபாய். ஒரு ஐம்பது சதத்தைப் பார்க்க மூன்று ஐம்பது சதம்! அச்சு முதல் தரம், ஆனால் மஞ்சள் கறையால் பாதி விலை என்று எழுதி, காசைத் திருப்பி அனுப்பினார். எனக்கு உன் மஞ்சள் மேல் கோபம் வந்தது. நான் என்ன மனுசன், அக்கா?

மாசியில் காய்ச்சல் உன்னைப் பிடித்தது. கொயினா மருந்து கொடுத்தும் நாலாம் நாள் போய்விட்டாய். சாமி குத்தம், நான்தான் உன்னைக் கொன்றேன் என்று இத்தனை நாள் சோறு இறங்கவில்லை.

நேற்று முத்தம்மாவிடம் சொல்லி அழுதேன். காறித் துப்புவாள் என்று நினைத்தேன்.

"அது ஒங்க அக்காவுக்கு அப்பவே தெரியுங்க" என்றாள். "முடிச்சப் பாத்ததுமே, 'இது நான் போட்டது இல்ல, கணக்கப்புள்ள மூட்ட கட்டுற முடிச்சு'ன்னா. அவிழ்த்துப் பாத்தா. 'ஆசப்பட்டு எடுத்துக்கிட்டான், கேட்டுப்புடாத. பொழச்சு எந்திரிச்சான்ல, அது போதும்'னா. அப்பறம் ஒரு காதுத் தோட்டக் கழட்டி அதுக்குள்ளயே வச்சுக் கட்டினா. புதுக் காசுல வெள்ளி கொறச்சலாமே, சாமிக்கு ஈடு கட்டணுமாம்."

துணியை அவிழ்த்தேன். தோடு இருந்தது. உன் ஒரு காதில், துளை தூர்ந்துவிடாமல் செருகிய வெறும் ஈர்க்குதான் இருந்ததாம். உன்னைக் குளிப்பாட்டிய பெண்களுக்கெல்லாம் தெரியும். காசில் முடியிழை தேடிய எனக்கு, தினம் எதிரில் உட்கார்ந்து சோறு போட்ட உன் காது தெரியவில்லை. நீ ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா?

ஆடி பிறந்ததும் இரத்தினபுரி, கொடகவெல வழியாக நடந்தே போகிறேன். அம்மாவின் காசையும் உன் தோட்டையும் கதிர்காமத்தில் போடுவேன். எனக்கென்று ஒன்றும் கேட்கமாட்டேன். நேர்ந்தவள் பெயர் சொல்லு என்று பூசாரி கேட்டால், உன் பெயரைச் சொல்லுவேன்.

நீ கேட்டு வாங்கிய உயிரோடு இருக்கிற,
உன் தம்பி.