லொறிக்கு விட்ட சாமி எண்ணெய்

வெள்ளவத்தை,
12.03.1998

அன்புள்ள அம்மாவுக்கு மகள் சிவமணி வணக்கத்துடன் எழுதுவது. பிள்ளையாரின் புண்ணியத்தில் நாங்கள் சுகம். உங்கட முழங்கால் வீக்கம் வற்றினதோ?

எங்கட பழைய லொறியில டைனமோவைச் சுத்துற பெல்ட் ஒரு கிழமையாய்க் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. கதவுப் பிணைச்சல் மாதிரித்தான் என்று நினைச்சு, இவருக்குச் சொல்லாமல் சாமி விளக்குத் தேங்காயெண்ணெயை நான் அதில விட்டிட்டன். சத்தம் நின்றது. ஆனால் பெல்ட் வழுக்கி, பற்றறிக்குச் சார்ஜ் ஏறாமல் போச்சுது.

செவ்வாய்க்கிழமை வெங்காயம் ஏத்திக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனோம். செக்பொயின்றில எஞ்சினை நிப்பாட்டச் சொன்னவை. பிறகு லொறி ஸ்டார்ட் வரேல்லை. எங்களிட்ட யாழ்ப்பாண அடையாள அட்டை. ஆமிக்காரர் துவக்கோட சுத்தி நின்றவை. நான் எங்கட ஊர்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தன். இவர் பொனற்றைத் திறந்து காட்டினார். ஒருவன் பெல்டைத் தொட்டு மணந்து பார்த்திட்டு, "அக்கே, பொல் தெல்!" என்று சிரிச்சான். சிங்களத்தில தேங்காயெண்ணெய் என்றுதான். பிறகு அந்த ஆமிக்காரரில ஆறு பேர் சேர்ந்து தள்ளி ஸ்டார்ட் பண்ணிவிட்டவை.

கராஜ்கார ஸவாஹிர் நானா புதுப் பெல்ட் போட்டு இறுக்கித் தந்தார். "சாமிக்கு ஊத்துறத லொறிக்கு ஏன் தங்கச்சி ஊத்தினீங்க?" என்று ஒரே பகிடி. நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்காதேங்கோ.

அம்மா, எனக்காக ஏழு தேங்காய் உடையுங்கோ. ஒன்று எங்களுக்கு, ஆறு தள்ளினவைக்கு. ஆருக்கென்று ஐயர் கேட்டால், மகளுக்கு வழியில உதவின பிள்ளையள் என்று மட்டும் சொல்லுங்கோ. உடைச்சதில ஒரு பாதியைக் காயவைச்சு, வாறவையிட்டக் குடுத்து விடுங்கோ. இங்க தேங்காய்க்குப் பஞ்சமில்லை, ஆனாலும் அங்கத்தையான் ஒரு துண்டு வேணும்போல கிடக்கு.

இந்தக் கடிதத்தைக் கொண்டு யாழ்ப்பாணக் கப்பலுக்குப் போறவர் வாசலில நிக்கிறார்.

உங்கட சிவமணி